லூக்கா திருநாளுக்குள் திரும்புதல்: இடைக்கால ஐரோப்பாவில் அயல்நாட்டு மாணவரின் கல்வியாண்டு

செப்டம்பர் மாதக் கடைசியில் சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பும் மாணவர் பின்பற்றும் நாட்காட்டி ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழமை உடையது. ரோமானியச் சட்டக் கல்விக்குப் பெயர் பெற்ற வடஇத்தாலிய நகரமான பொலோஞாவில் கல்வியாண்டு, அக்டோபர் 18-இல் வரும் புனித லூக்கா திருநாளை ஒட்டித் தொடங்கியது. பாரிஸில் அது அக்டோபர் 1-இல் வரும் புனித ரெமிஜியுஸ் திருநாளிலும், ஆக்ஸ்போர்டில் அக்டோபர் 9-இல் வரும் புனித தெனிஸ் திருநாளுக்கு மறுநாளும் தொடங்கியது. கோடை வெப்பம் தணிந்து, திராட்சைப் பறிப்பு முடிந்து, மலைக் கணவாய்களைப் பனி மூடுவதற்குச் சில வாரங்கள் எஞ்சியிருக்கும் இந்த இடைவெளியில்தான் வெளிநாட்டு மாணவர் நகரங்களுக்குள் வந்து சேர்ந்தனர். அவர்கள் செலுத்திய வாடகையையும் கட்டணத்தையும் நம்பி வீட்டுக்காரர், உணவு விற்போர், படியெடுப்போர், வட்டிக்கடைக்காரர், ஆசிரியர் என ஒரு நகரத்தின் பெரும்பகுதி பிழைத்தது. ஆகவே அடுத்த அக்டோபரில் திரும்பி வரமாட்டோம் என்று கூட்டாகச் சொல்லும் ஆற்றல் அவர்களுக்குக் கிடைத்தது. இடைக்காலப் பல்கலைக்கழகங்களின் உரிமைகளுள் கணிசமானவை அந்த ஆற்றலைக் காட்டியோ, காட்டப்போவதாக அச்சுறுத்தியோ பெறப்பட்டவையே.

ஆண்டு அக்டோபரில் தொடங்கியதற்கு, மாணவர் தம் ஊர் வயல்களில் அறுவடைக்கு உதவ வேண்டியிருந்தது காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஊர் உடைய சட்ட மாணவன், அதிலும் பெரும்பாலும் திருச்சபை வருவாயிலோ நிலவுடைமைக் குடும்பத்தின் செலவிலோ படித்தவன், கதிர் அறுக்க ஊர் போனான் என்பது நம்பத் தக்கதாக இல்லை. இதைவிட வலுவான விளக்கம் அவர்கள் படித்த சட்ட நூலிலேயே இருந்தது: கோடைக்கும் அறுவடைக்கும் திராட்சைப் பறிப்புக்குமாக நீதிமன்றங்களுக்கு நீண்ட விடுமுறை அளிக்கும் வழக்கம் ரோமப் பேரரசின் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது, அந்தச் சட்டத்தைக் கற்பித்தவர்களுள் பலர் வழக்குகளிலும் ஈடுபட்டவர்களாதலால் பள்ளியின் ஓய்வும் மன்றத்தின் ஓய்வும் ஒத்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் பள்ளியின் ஓய்வு அவ்வளவு நீண்டதன்று. பொலோஞாவின் பெருவிடுமுறை செப்டம்பர் தொடக்கத்திலிருந்து லூக்கா திருநாள் வரைதான். பாரிஸில் கோடை விடுமுறை ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது என்று போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி 1231-இல் ஆணையிட்டார். ஆறு வாரத்தில் பொலோஞாவிலிருந்து சாக்சனிக்குப் போய்ச் சில நாள் தங்கித் திரும்புவது குதிரையுடையவனுக்கே கடினம். எனவே ஆண்டுதோறும் ஊர் சென்று திரும்பியவர்கள் பக்கத்து நாட்டார்தாம். தொலைவிலிருந்து வந்தவர்கள் படிப்பு முடியும்வரை அங்கேயே தங்கினர், அல்லது நடுவில் ஒரே ஒருமுறை, பெரும்பாலும் பணத்துக்காகவோ அனுமதிக்காகவோ, ஊர் போய் மீண்டனர்.

வழியில் அவர்களை அச்சுறுத்தியவை கள்ளரும் பனியும் மட்டுமல்ல. ஓர் ஊரான் பட்ட கடனுக்காக அவ்வூரைச் சேர்ந்த வேறொருவனைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அவன் பொருளைப் பறிமுதல் செய்வதும் இடைக்கால நகரங்களில் சட்டம் ஒப்பிய வழக்கமாக இருந்தன, பழிமீட்பு எனலாம். பிளாரன்ஸ் வணிகன் ஒருவன் பொலோஞாக்காரனுக்குக் கடன்பட்டுத் தலைமறைவானால், சட்டம் படிக்க வந்த பிளாரன்ஸ் இளைஞன் அதற்குப் பொறுப்பாளியாக்கப்படலாம். 1155-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேரரசர் முதலாம் பிரெடரிக், செந்தாடியர் என்னும் பொருள்படும் பார்பரோசா என்ற பெயரால் அறியப்படுபவர், வெளியிட்ட 'ஹபீத்தா' என்னும் ஆணை இதைத்தான் முதலில் தடுத்தது. கல்வியின் பொருட்டுத் தாய்நாட்டைவிட்டு அலைபவர்கள் அச்சமின்றிப் போகவும் வரவும் தங்கவும் உரிமையுடையவர்கள் என்றும், பிறர் கடனுக்காக அவர்களைப் பிடிக்கலாகாது என்றும், மீறிப் பறிக்கப்பட்டதை நான்மடங்காகத் திருப்பித்தர வேண்டும் என்றும், அவர்கள்மீது வழக்குத் தொடுக்கப்பட்டால் தம் ஆசிரியர் முன்னரோ நகரின் ஆயர் முன்னரோ விசாரிக்கப்படுவதை அவர்களே தேர்ந்துகொள்ளலாம் என்றும் அவ்வாணை கூறியது. ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பிலேயே அதை இணைத்துவிட்டமையால், அந்நூலைப் பாடமாகக் கேட்ட ஒவ்வொரு மாணவனும் தன் வழிப்பயணத்துக்குரிய காப்பையும் பாடத்தின் ஒரு பகுதியாகவே படித்தான். பல்கலைக்கழகம் என்ற அமைப்பு முறையாக உருப்பெறும் முன்னரே, அதற்கெனக் கட்டடமோ முத்திரையோ ஏற்படும் முன்னரே, சாலையில் செல்லும் மாணவனுக்கு உரிமை ஏற்பட்டுவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பொலோஞாவில் உருவான மாணவர் சங்கமும் இதே தேவையிலிருந்து எழுந்தது. ஆல்ப்ஸ் மலைக்கு இப்பால் உள்ளோர், அப்பால் உள்ளோர் என அது இரு பெரும் பிரிவாகவும், அவற்றுள் 'நாடுகள்' எனப்பட்ட ஊர்வழிக் குழுக்களாகவும் பகுக்கப்பட்டிருந்தது. பொலோஞா குடிமக்களாகிய மாணவர்க்கு அதில் முழு உறுப்புரிமை இல்லை. தம் வீட்டில் உண்டு, தம் நகரச் சட்டத்தால் காக்கப்பட்டவர்களுக்கு அத்தகைய காப்புச் சங்கம் எதற்கு என்பதே அதன் தருக்கம். ஆகவே, இன்று உள்ளூர் மாணவருக்கென நடத்தப்படும் நிறுவனத்தில் அயலார் சேர்த்துக்கொள்ளப்படுவதைப் போலன்றி, அயலாருக்கென அயலாரே அமைத்த சங்கமாகப் பொலோஞாப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1289 முதல் குறிப்பேடு வைத்திருந்த ஜெர்மானிய நாட்டுக் குழு, புதிதாக வந்த ஒவ்வோர் உறுப்பினனின் பெயரையும் அவன் செலுத்திய தொகையையும் பதிந்துவந்தது.

பயணம் எப்படி இருந்தது என்பதற்கு, இடைக்காலம் கழிந்த பின்னர் எழுதப்பட்டதாயினும், பாசல் நகர மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டரின் நாட்குறிப்பை விடச் சிறந்த சான்று கிடைப்பதரிது. அவருடைய தந்தை தாமஸ் பிளாட்டர், இளமையில் பிச்சையெடுத்து ஊர் ஊராகத் திரிந்த மாணவர். பின்னர் கயிறு திரித்தும் அச்சகம் நடத்தியும் பிழைத்து, கடைசியில் பள்ளித் தலைமையாசிரியரானவர். மகனை மருத்துவம் படிக்கத் தென்பிரான்சின் மோம்பெலியே நகருக்கு அனுப்ப அவரிடம் பணம் போதவில்லை. அதற்கு அக்காலத்தில் வழங்கிய தீர்வு மாணவனுக்கு மாணவன் மாற்றிக்கொள்வது: மோம்பெலியே நகர மருந்துக்கடைக்காரர் லோரான் கத்தலான் தம் பிள்ளையை ஜெர்மன் மொழி வழங்கும் நகரில் படிக்கவைக்க விரும்பினார், அப்பிள்ளையைப் பேணும் பொறுப்பைத் தாமஸ் ஏற்க, ஃபெலிக்ஸ் கத்தலானின் வீட்டில் உண்டு உறங்கலாம் என்று ஏற்பாடாயிற்று. 1552 அக்டோபர் 10-இல், பதினாறு வயது நிரம்பவிருந்த ஃபெலிக்ஸ் குதிரைமீது புறப்பட்டார். மாற்றுச் சட்டைகளும் கைக்குட்டைகளும் மெழுகுத் துணியில் பொதிந்து கட்டப்பட்டிருந்தன. பொற்காசுகள் சில அவர் அணிந்திருந்த மேற்சட்டையின் உட்புறம் வைத்துத் தைக்கப்பட்டிருந்தன.

லோசான் நகரை நெருங்குமுன் உள்ள ஜோரா காடு வழிப்பறிக்குப் பெயர்போனது. இருட்டில் வழி தவறி அக்காட்டுப்புறச் சத்திரம் ஒன்றில் தங்க நேர்ந்த ஃபெலிக்ஸும் துணைவரும், அங்குக் குடித்துக்கொண்டிருந்தவர்களின் பார்வையிலிருந்தே தமக்கு நேரவிருந்ததை உணர்ந்துகொண்டு, அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, வாளை உருவிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவைக் கழித்தனர். குடித்தவர்கள் அயர்ந்து தூங்கியதும் விடியுமுன் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினர். அக்கூட்டத்தாருள் சிலர் பிற்பாடு கொள்ளைக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டனர் என்று அறிந்தபோதுதான் தாம் தப்பியதன் அளவு தெரிந்தது என அவர் எழுதியிருக்கிறார். ஜெனீவாவில் சீர்திருத்தத் தலைவர் கால்வினைச் சந்தித்துத் தந்தையின் கடிதத்தைக் கொடுக்க, அவர் மோம்பெலியே செல்லவிருந்த அறுவை மருத்துவர் ஒருவரை வழித்துணையாகச் சேர்த்துவிட்டார். அக்டோபர் 30-இல் ஃபெலிக்ஸ் மோம்பெலியேயை அடைந்தார். மருத்துவரின் காவலரெனக் கருதப்பட்ட லூக்காவின் திருநாளே அங்கும் பாடத் தொடக்கம் என்பதால், அவர் சேர்ந்தது பன்னிரண்டு நாள் தாமதமாகத்தான். 1557-இல் பாசலுக்கு மீளும்வரை அவர் ஊர் திரும்பவேயில்லை.

பிளாட்டருக்குக் கிடைத்த மாற்று ஏற்பாடு வாய்க்காத மாணவர்களுக்குப் பணம் போய்ச் சேரும் வழி வேறு. நம்மூர் வணிகர் உண்டியல் என வழங்கிய மாற்றுச்சீட்டைப் போன்றதை இத்தாலிய வணிகர் கையாண்டனர். தந்தை தம் ஊரில் ஒரு வணிகரிடம் பணம் கட்ட, மகன் படிக்கும் ஊரில் அவருடைய கூட்டாளி அந்த மதிப்புக்கு உள்ளூர் நாணயம் கொடுப்பார். பாரிஸ் பல்கலைக்கழகம் இதற்கென இருவகைத் தூதர்களை வைத்துக்கொண்டது. சிறுதூதர் எனப்பட்டோர் மாணவனின் ஊருக்கும் பாரிஸுக்கும் இடையே கடிதமும் துணியும் பணமும் சுமந்து மெய்யாகவே பயணம் செய்தவர்கள். பெருந்தூதர் எனப்பட்டோர் பாரிஸைவிட்டு அசையாத செல்வர். குறிப்பிட்ட மாவட்டத்து மாணவர்களுக்குப் பணம் வரும்வரை கடன் கொடுத்துப் பின்னர் வசூலித்துக்கொண்டவர்கள். பல்கலைக்கழக உறுப்பினருக்குரிய வரிவிலக்குத் தமக்கும் கிடைக்கும் என்பதே இந்தப் பதவியின்மீது செல்வர்களுக்கிருந்த ஆசைக்குக் காரணம். ஆக்ஸ்போர்டில் தூதர்களோடு 'கூட்டி வருவோர்' என்றொரு தொழிலாரும் இருந்தனர். பருவத் தொடக்கத்தில் ஊர் ஊராகச் சென்று சிறுவர்களைத் திரட்டிக் கூட்டமாக அழைத்து வருவது அவர்கள் வேலை.

தூதன் கையில் கொடுத்தனுப்பிய கடிதங்களைப் பற்றித் தனியே ஒரு சொல் சொல்லலாம். கடிதம் எழுதும் கலையைக் கற்பித்த நூல்களில் மாணவன் தந்தைக்கு எழுதும் மாதிரிக் கடிதங்கள் பெருவாரியாகக் காணப்படுகின்றன. அமெரிக்க வரலாற்றறிஞர் சார்லஸ் ஹோமர் ஹாஸ்கின்ஸ் 1898-இல் அவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். படிப்பில் முழுமூச்சாக இருப்பதாகவும், நகரில் விலைவாசி ஏறிவிட்டதாகவும், தோல்தாளும் நூலும் வாங்கவேண்டியிருப்பதாகவும் சொல்லிக் கைச்செலவுக்குப் பணம் கேட்பதே பெரும்பான்மைக் கடிதங்களின் சாரம். தந்தையின் பதில்களுக்கும் மாதிரிகள் உண்டு. மகன் படிப்பைவிட யாழையும் கேளிக்கையையும் நாடுவதாகக் காதுக்கு எட்டியது என்னும் கண்டிப்பு அவற்றுள் ஒன்று. இவை உண்மைக் கடிதங்களல்ல, பயிற்சிக்கான வார்ப்புகளே என்பதை மறக்கலாகாது. ஆயினும் வாங்குவோர் இல்லாத பண்டத்தை எந்த ஆசிரியரும் இவ்வளவு தொகுத்து வைக்கமாட்டார்.

நகரை அடைந்தவனுக்கு முதல் வேலை தங்குமிடம் பிடிப்பது. வாடகையை வீட்டுக்காரர் விருப்பப்படி ஏற்றிவிடாதிருக்க, பல்கலைக்கழகமும் நகரமும் ஆளுக்குச் சிலராக மதிப்பீட்டாளர்களை நியமித்தன. அவர்கள் குறித்த தொகைக்கு மேல் கேட்ட வீட்டை எந்த மாணவனும் சில ஆண்டுகளுக்கு எடுக்கலாகாது என்று விலக்கிவைத்தனர். அடுத்த கவலை நூல். உரையுடன் கூடிய ரோமானியச் சட்டத் தொகுப்பு ஐந்து பருத்த தொகுதிகளாகத் தோல்தாளில் எழுதப்பட்டது; அதை விலைக்கு வாங்குவது ஒரு வீட்டை வாங்குவதற்குச் சமமாகவும் ஆகக்கூடும். ஆதலால் பல்கலைக்கழகம் சரிபார்த்து ஒப்பிய மூலப்படியைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து, நிலையத்தார் எனப்பட்ட நூல் வாடகைக்காரரிடம் வைத்தனர். மாணவனோ அவன் அமர்த்திய படியெடுப்பவனோ ஒரு கட்டை வாடகைக்கு வாங்கிப் படியெடுத்துவிட்டு அடுத்த கட்டைப் பெற்றான். ஒரே நூலைப் பலர் ஒரே காலத்தில் படியெடுக்க இம்முறை வழிவகுத்தது. இவ்வாறு பெற்ற நூலே கைமுடையின்போது ஈடாகவும் பயன்பட்டது. ஆக்ஸ்போர்டில் ஆயர் ராபர்ட் கிராஸ்டெஸ்ட் 1240-இல் ஏற்படுத்திய கடன்பேழையில் நூலையோ மேலங்கியையோ அடகு வைத்து வட்டியில்லாக் கடன் பெறலாம்.

ஆசிரியர் நிலை இதைவிட நெருக்கடியானது. பொலோஞாவில் தொடக்கத்தில் அவர்களுக்கு ஊதியம் கொடுத்தவர்கள் மாணவர்களாகையால், விதிகளை வகுத்தவர்களும் மாணவர்களே. மணி அடித்ததும் வகுப்பைத் தொடங்காத ஆசிரியருக்கும், மணி முடிந்தும் நீட்டியவருக்கும் தண்டம் உண்டு. பாடநூலின் இன்ன பகுதியை இன்ன நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று குறித்து, முடிக்காவிட்டால் கழித்துக்கொள்வதற்காக முன்பணமும் பெற்றுவைத்தனர். பாடத்துக்கு ஐந்து பேர்கூட வராவிட்டால் ஆசிரியர் வராததாகவே கொண்டு தண்டம் விதித்தனர். ஊரைவிட்டு வெளியே போவதற்கும் அவர் அனுமதி பெறவேண்டியிருந்தது. இது மாணவரின் அடாவடி என்று பிற்காலத்தார் நகைத்ததுண்டு. ஆனால் இரு மலைத்தொடர் கடந்து, கடன் பட்டு, ஓராண்டுப் பாடத்துக்காக வந்திருப்பவனுக்கு, நூலின் பிற்பகுதியைத் தொடாமலே ஆண்டை முடிக்கும் ஆசிரியர் இழைப்பது சிறு தீங்கன்று.

இவ்வளவு பெரிய பிடி மாணவரிடம் இருந்ததற்கு முக்கியக் காரணம், அவர்களையும் ஆசிரியர்களையும் ஓரிடத்தில் கட்டிவைக்கச் சொத்தென்று ஏதும் இல்லாமையே. வகுப்புகள் வாடகை அறைகளிலும் தேவாலயங்களிலும் நடந்தன. பெட்டியைக் கட்டினால் பல்கலைக்கழகமே இடம்பெயர்ந்துவிடும். பொலோஞாவிலிருந்து 1222-இல் பிரிந்து சென்றோரால் பாதுவாப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆக்ஸ்போர்டு நகரத்தார் 1209-இல் மாணவர் சிலரைத் தூக்கிலிட்டதை எதிர்த்துக் கலைந்தவர்களுள் சிலர் கேம்பிரிட்ஜுக்குப் போயினர். எஞ்சியோர் திரும்புவதற்கு 1214-இல் நகரம் ஒப்புக்கொண்ட தண்டனைகளுள், மாணவர் வீடுகளின் வாடகையைப் பத்தாண்டுக்குப் பாதியாகக் குறைப்பதும், உணவுப் பண்டங்களை நியாய விலைக்கு விற்பதும், ஏழை மாணவருக்காக ஆண்டுதோறும் 52 ஷில்லிங் செலுத்துவதும், புனித நிக்கோலா திருநாளில் நூறு ஏழை மாணவருக்கு விருந்திடுவதும் அடங்கும். பாரிஸில் 1229-ஆம் ஆண்டுத் தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்டத்தின்போது மதுக்கடையில் எழுந்த சச்சரவு, அரசக் காவலர் மாணவரைக் கொன்றதில் முடிந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் கலைந்து ஆன்ஜே, ஓர்லியான், துலூஸ் ஆகிய நகரங்களுக்குச் சென்றனர், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியும் தம் நாட்டுக்கு அழைப்பு விடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர்களைத் திரும்பச் செய்த ஆணையே, மேலே குறிப்பிட்ட 1231-ஆம் ஆண்டுக் கிரகோரியின் ஆணை. அநீதிக்கு ஈடு கிடைக்காதபோது பாடத்தை நிறுத்திவைக்கும் உரிமையை அது அவர்களுக்கு வழங்கியது. விடுமுறை ஒரு மாதத்தை மிஞ்சலாகாது என்ற விதியும் அதே ஆணையில்தான் உள்ளது.

திரும்பி வருதலின் தனிமனித வடிவத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் நிக்கோலஸ் கோப்பர்நிக்கஸ் வாழ்க்கையில் காணலாம். பால்டிக் கடலோரத்து வார்மியா மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த தாய்மாமன் அவரைத் திருச்சபைச் சட்டம் படிக்க அனுப்பினார். 1496-இல் பொலோஞாவுக்கு வந்த அவர் அங்கு ஜெர்மானிய நாட்டுக் குழுவில் சேர்ந்தார். பின்னர் அங்கு வந்துசேர்ந்த அண்ணன் ஆந்திரேயாவும் அவரும் 1499-இல் பணமுடையில் சிக்கி, ரோமில் இருந்த வார்மியா அலுவலர் ஒருவரின் உதவியால் கடன் பெற்றனர். வார்மியா பேராலயக் குருமன்றத்தில் இடமும் வருவாயும் பெற்றிருந்தமையால், மன்றத்தின் அனுமதிக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பாமலிருக்க இயலவில்லை. 1501 ஜூலை 27-இல் இருவரும் ஃப்ரௌன்பூர்க் நகரில் மன்றத்தின் முன் நின்று மேலும் படிக்க அனுமதி கேட்டனர். மருத்துவம் கற்று ஆயருக்கும் மன்றத்தாருக்கும் உதவுவதாக நிக்கோலஸ் உறுதியளித்ததன்பேரில் அவருக்கு இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. லூக்கா திருநாளுக்கு மூன்று மாதமும் முழுதாக இல்லாத நிலையில் அவர் மீண்டும் ஆல்ப்ஸைக் கடந்து பாதுவா சென்றார். ஏழாண்டு படித்தும் அவர் பட்டம் பெற்றது பொலோஞாவிலோ பாதுவாவிலோ அன்று. 1503 மே 31-இல் ஃபெராரா நகரில். பட்டமளிப்புச் சடங்கின் காணிக்கைகளும் விருந்தும் அங்குச் செலவு குறைந்தவை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கேட்டுப் பெற்ற அனுமதி மருத்துவத்துக்கு, வாங்கித் திரும்பிய பட்டம் திருச்சபைச் சட்டத்துக்கு. மன்றத்தார் இதற்குக் குறைகூறியதாகத் தெரியவில்லை.

போகவும் வரவும் இருந்த இந்த உரிமையை அரசர்கள் நெடுங்காலம் பொறுத்திருக்கவில்லை. பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 1224-இல் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தை நிறுவியபோதே, தம் சிசிலி அரசின் குடிகள் வேறெங்கும் படிக்கப் போகலாகாது என்றும் வெளியே இருப்பவர்கள் திரும்ப வேண்டும் என்றும் விதித்தார். பாதுவாவைக் கைப்பற்றிய வெனிஸ், தன் குடிகள் பட்டம் பெறுவதென்றால் பாதுவாவிலேயே பெறவேண்டும் என்றது. மதப்பிளவுக்குப் பின் இத்தடைகள் கடுமையாயின. ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் 1559-இல் வெளியிட்ட ஆணை, வெளிநாட்டில் படித்த தம் குடிகளை நான்கு மாதத்துக்குள் திரும்பச் சொன்னது. ரோம், நேப்பிள்ஸ், கோயிம்பிரா ஆகியவற்றோடு, கர்தினால் அல்போர்னோசின் 1364-ஆம் ஆண்டு உயிலால் பொலோஞாவில் ஏற்பட்ட ஸ்பானியக் கல்லூரியும் விலக்குப் பெற்றது. அக்கல்லூரி இன்றும் ஸ்பானிய மாணவரைத் தங்கவைத்து நடைபெறுகிறது.

பாரிஸின் தூதர் அமைப்பு இவற்றையெல்லாம் கடந்து நீடித்தது. மாணவரின் கடிதங்களோடு பிறர் கடிதங்களையும் சுமந்து அது கிட்டத்தட்ட ஓர் அஞ்சல் துறையாகவே வளர்ந்துவிட, பதினைந்தாம் நூற்றாண்டில் தொடங்கிய அரச அஞ்சலுக்கும் அதற்கும் ஓயாத வழக்குகள் நடந்தன. 1719-இல் ஓர் ஏற்பாடு எட்டப்பட்டது: தூதர்களின் உரிமை அரச அஞ்சலோடு இணைக்கப்பட, அதற்கு ஈடாக அஞ்சல் குத்தகை வருவாயில் இருபத்தெட்டில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கப்பட்டது. அத்தொகையைக் கொண்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க இயன்றதால், பாரிஸின் கலைப் பிரிவுக் கல்லூரிகள் அவ்வாண்டிலிருந்து மாணவரிடம் கட்டணம் வாங்குவதை நிறுத்தின.